மாவுக்கட்டுக்குள் போன காசு

என் அண்ணனுக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். கையில் இருக்கிற காசை மறைய வைப்பான். மறைந்த காசை என் காதிலிருந்து எடுப்பான். அவ்வளவுதான். அதற்கே எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவன் பின்னாலேயே சுற்றும்.

அண்ணன் போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். காட்டூர் பக்கம் ஒரு வீட்டில் குழாய் வேலை முடித்துவிட்டு வண்டியில் கிளம்பியவன், வீடு வந்து சேரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சுடிதாரை எல்லாம் மறுபடி மடித்து வைக்கிற வேலை எனக்கு. எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனால் நேற்று அவன் பர்ஸைத் திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தது. இத்தனை நாள் அம்மா அதை யாரையும் தொடவிடவில்லை. அதில் லைசென்ஸ் இருந்தது, ஒரு பஸ் டிக்கெட் இருந்தது, சில்லறை போடுகிற சின்ன அறைக்குள் இன்னொன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அது என்ன என்று சொல்வதற்கு, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அப்போதும் நாங்கள் ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தோம். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரே அறை உள்ள வாடகை வீடு. அப்பாவுக்கு காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குகிற வேலை. அண்ணனுக்குப் பதிமூன்று வயது. அவன் கூட்டாளியுடைய அண்ணன் ஒருவர் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடையில் இருந்தார். அவர் போனில் யாரோ ஒருவர் காசு வித்தை காட்டுகிற வீடியோவை இவன் பார்த்துவிட்டு வந்தான். ஒரே ஒரு தடவை பார்த்தானாம். அப்புறம் ஒரு மாதம் அதே வேலைதான். சாப்பிடும்போதும் அவன் வலது கை சோற்றில் இருக்கும், இடது கை காசில் இருக்கும்.

வித்தை இப்படித்தான். வலது கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நடுவில் காசை எல்லாரும் பார்க்கிற மாதிரி பிடிப்பான். இடது கையைக் கொண்டுவந்து அதை எடுப்பதுபோல மூடுவான். மூடிய கையை நம் முகத்துக்கு நேரே நீட்டி, "ஊது" என்பான். ஊதினால் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். காசு இருக்காது. நாம் வாயைப் பிளந்து நிற்கும்போதே வலது கை நம் காதுப் பக்கம் போகும். அங்கிருந்து காசு வரும்.

அதை எனக்குச் சொல்லித் தரவே மாட்டேன் என்றுவிட்டான். "பாப்பா, உன் வாயில பச்சத் தண்ணிகூட நிக்காது. தெரு பூரா சொல்லிருவ" என்பான். நான் அழுது பார்த்தேன், கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவன் ஒரு தப்பு செய்தான். தினமும் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினான். கண்ணாடி அவனுக்கு முன்னால் இருந்தது, நான் பக்கவாட்டில் பாயில் படுத்திருந்தேன். முன்னால் இருந்து பார்த்தால்தான் அது வித்தை. பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. இடது கை காசை எடுக்கவே எடுக்காது. வலது கையிலேயே அது நழுவி விரல் மடிப்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அண்ணன் இடது கையையே பார்ப்பான், உண்மையிலேயே காசு அங்கே போய்விட்ட மாதிரி. அவன் கண் போகிற இடத்துக்கு நம் கண்ணும் போய்விடும். அது தெரிந்ததும் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இவ்வளவு நாளும் என் அண்ணன் என்னை என் கண்ணெதிரிலேயே ஏமாற்றியிருக்கிறான்!

அவனிடம் இருந்தது பழைய கெட்டி அஞ்சு ரூபாய்க் காசு. இப்போது வருகிற பித்தளை நிறக் காசு இல்லை. வெள்ளையாக, கனமாக, ஓரம் தடிமனாக இருக்கும். அதுதான் விரல் மடிப்பில் நிற்கும், மற்றதெல்லாம் வழுக்கும் என்பான். அந்தக் காசை அவன் செலவழிக்கவே மாட்டான். ஒருநாள் காலையில் பால் பாக்கெட்டுக்குச் சில்லறை குறைந்து அம்மா கேட்டபோதுகூடத் தரவில்லை. "உங்கப்பா டீ இல்லாம வேலைக்குப் போறாரு, நீ அத வச்சுக்கிட்டு வித்தை காட்டுறியாடா?" என்று அம்மா கரண்டியைத் தூக்கினாள். அண்ணன் பக்கத்து வீட்டுக்கு ஓடி, வேறு யாரிடமோ சில்லறை கேட்டு வாங்கி வந்து கொடுத்தான். அந்தக் காசைக் கொடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அப்பா விழுந்தார். தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த லாரி. தாரைத் தோளில் வைத்துக்கொண்டு பலகையில் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. வலது காலில் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு வந்தாள். ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அதில் ஒரு காசை வைத்து முடிந்தாள். கையில் கிடைத்தது ஒரு கெட்டி அஞ்சு ரூபாய். சமயபுரத்தா படத்தின் முன்னால் அதை வைத்துவிட்டு அம்மா சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். "ஆத்தா, கட்டுப் பிரிச்சு, எலும்பு கூடிருச்சுன்னு டாக்டர் வாயால சொல்லட்டும். வீட்டு வாசப்படிய மிதிக்காம அவர நேரா உன் சன்னதிக்குக் கூட்டிட்டு வரேன். இந்தக் காச அவரு கையாலயே போட வைக்கிறேன்."

அதற்கப்புறம் அம்மா பாதி நம்பிக்கையை டாக்டர் மேல் வைத்தாள், பாதியை அந்த முடிச்சின் மேல் வைத்தாள். சண்டை என்று வந்தால்கூட, "அந்த முடிச்சு சாட்சியா சொல்றேன்" என்பாள்.

அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். மற்றபடி மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். முன்பெல்லாம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே அவர் குரல் கேட்கும். அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வித்தை காட்டினால் மட்டும் அப்பா உதடு கொஞ்சம் அசையும். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. அப்பாவைச் சிரிக்க வைக்கிறது நானாக இருக்க வேண்டும் என்று ஒரு வெறி.

ரகசியம்தான் தெரிந்துவிட்டதே, நானும் பழகினேன். ஒரு ரூபாயை வைத்துச் செய்தால் வழுக்கியது. இரண்டு ரூபாயும் வழுக்கியது. என் கை வேறு வேர்க்கும். அண்ணன் சொன்னது சரிதான், கெட்டிக் காசு வேண்டும். அண்ணன் தரமாட்டான். வீட்டில் சும்மா கிடந்த ஒரே கெட்டிக் காசு சமயபுரத்தா படத்தின் முன்னால் மஞ்சள் துணிக்குள் இருந்தது.

நான் திருடவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே ஒருநாள். அப்பாவைச் சிரிக்க வைத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன். காசு இல்லாவிட்டால் துணி தொங்குமே! வாசலில் தண்ணீர்க் குழாயைச் சரி செய்தவர் விட்டுப்போன ஒரு இரும்பு வாஷர் ஜன்னலில் கிடந்தது. அளவு சரியாக இருந்தது. நடுவில் ஓட்டைதான் இடித்தது, தொட்டால் தெரிந்துவிடும். மெழுகுவத்தியை உருக்கி அந்த ஓட்டையில் விட்டு அடைத்தேன். ஆறியதும் தடவிப் பார்த்தேன், காசு மாதிரியே இருந்தது. உள்ளே வைத்து முடிந்துவிட்டேன். ஒன்பது வயதில் எனக்கு இருந்த மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் ஒன்பதாவதோடு நின்றிருக்க மாட்டேன்.

அன்றைக்கே சாயங்காலம், வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். கட்டிலில் ஏறி, அவர் தொடைப் பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, இங்க பாரு."

பார்த்தார். காசைக் காட்டினேன். இடது கையைக் கொண்டுவந்து மூடினேன். இடது கையையே பார்த்தேன், அண்ணனைப் போல. வலது கையில் காசு நழுவியது. நழுவி, விரல் மடிப்பில் நிற்காமல் கீழே போய்விட்டது. அப்பாவின் தொடையில் மாவுக்கட்டு முடிகிற இடம். படுத்துப் படுத்துக் கால் இளைத்ததில் கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்திருந்தது. காசு ஒரு தடவை மினுங்கியது. அந்த இடைவெளிக்குள் போயே போய்விட்டது.

அப்பா இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் விரல்களை விரித்தேன். காசு இல்லை. வலது கையையும் விரித்தேன். அதிலும் இல்லை. அண்ணன்கூட ஒருநாளும் இரண்டு கையையும் விரித்துக் காட்டியதில்லை.

அப்பா தலையைத் தூக்கினார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். பாவாடை மடியைத் தட்டிப் பார்த்தார். என் வாயைத் திறக்கச் சொன்னார். அப்புறம் சிரித்தார். கட்டில் அதிரும்படி, விழுவதற்கு முன்னால் சிரித்த மாதிரி சிரித்தார்.

"அடி கழுத! உங்கண்ணன மிஞ்சிட்டியேடி! எங்க, இப்ப காதுலேர்ந்து எடு பாப்போம்."

"நாளைக்குத்தான் வரும்ப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அம்மா வந்ததும் அப்பா முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். "இந்தா, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுறா! காச காணோம்!" அம்மா குடத்தை இறக்காமலேயே அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கு இரண்டு முட்டை. என்னால் விழுங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பாவுக்குக் கட்டுக்குள் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் குத்தியது. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டுச் சொறிவார். "உள்ள என்னமோ இருக்குடி" என்பார். "பஞ்சு சுருண்டிருக்கும்ங்க, கை வைக்காதீங்க" என்பாள் அம்மா. நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். சாமியின் காசு அப்பாவின் காலுக்குள் இருக்கிறது. எந்தக் காலுக்காக வேண்டிக்கொண்டதோ அந்தக் காலுக்குள்ளேயே போய்விட்டது. ஆத்தாவுக்குப் பெரிய கோபம் வந்திருக்கும், எலும்பைச் சேர விடமாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். டாக்டர் வேறு, இன்னும் மூன்று வாரம் கழித்துத்தான் கட்டைப் பிரிப்போம் என்றிருந்தார்.

சாமி படங்களைத் துடைக்கிறது அண்ணன் வேலை. அவனுக்குத்தான் அலமாரி எட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, வெள்ளிக்கிழமைக்கு மறுபடி ஏற்றுவான். அந்த வாரம் துடைத்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். அப்புறம் வாசலில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பாப்பா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்லியே."

"நெசமா?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

எழுந்து போய்விட்டான். அந்த வாரத்திலிருந்து அவன் வித்தை காட்டவில்லை. அப்பா கேட்டால், "பரீட்ச வருதுப்பா" என்பான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். காசு வித்தை என்ற பேச்சே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. பெரியாஸ்பத்திரிக்கு நாலு பேரும் ஆட்டோவில் போனோம். அம்மா மஞ்சள் முடிச்சை இடுப்பில் செருகியிருந்தாள். அங்கிருந்து நேராகச் சமயபுரம். வேண்டுதல் அப்படி.

கட்டு வெட்டுகிற அறைக்குள் போகும்போது அம்மா வெளியில் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் அப்பாவின் தலைமாட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் கால்மாட்டில் நின்றேன். வெட்டுகிறவர் மெஷினை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார். வெள்ளையாகத் தூசி பறந்தது. கட்டு இரண்டாகப் பிளந்தது. பஞ்சை விலக்கினார். 'ணங்' என்று ஒரு சத்தம். காசு தரையில் விழுந்து உருண்டு என் பக்கமாக வந்தது. நான் செருப்புக் காலால் அதை அழுத்திக்கொண்டேன்.

"என்ன விழுந்துச்சு?" என்றார் அவர்.

அவர் அப்பாவின் காலைப் பார்த்தார். முட்டிக்குக் கொஞ்சம் மேலே, தோலில் அச்சு வைத்த மாதிரி ஒரு வட்டம். சிவப்பாக, ஓரம் கன்றிப்போய், நடுவில் குழிந்து.

"யோவ், உள்ள என்னய்யா விட்ட?"

"எனக்குத் தெரியாதுங்களே" என்றார் அப்பா. அந்த வட்டத்தையே பார்த்தார். அது என் வேலை. என் அப்பாவின் காலில் நான் பண்ணின வட்டம்.

டாக்டர் வந்து எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, இந்தப் புண்ணுக்கு மருந்து போடுங்கள், ஆறிவிடும் என்றார். கம்பு ஊன்றி நடக்கலாம் என்றார். சீட்டோடு உள்ளே வந்திருந்த அம்மா அங்கேயே மேலே பார்த்துக் கும்பிட்டாள். நான் குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி காசை எடுத்தேன்.

சத்திரத்திலிருந்து சமயபுரம் பஸ். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புகிற முக்கு வந்தபோது அம்மா எங்கள் வீட்டுப் பக்கமே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒரே யோசனையில் இருந்தேன். உண்டியலுக்கு முன்னால் அம்மா முடிச்சை அவிழ்ப்பாள். மெழுகு அடைத்த வாஷர் விழும். அப்பா அதைக் கையில் வாங்குவார். அம்மா செத்தே போய்விடுவாள். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. முடிச்சை நான் வாங்க வேண்டும். நான் அவிழ்க்க வேண்டும். வாஷரை விரல் மடிப்பில் ஒளித்துக் காசைக் கொடுக்க வேண்டும். என் வாழ்க்கையில் அந்த வித்தையை உண்மையிலேயே செய்ய வேண்டிய ஒரே இடம் அதுதான். என் கை பஸ்ஸிலேயே வேர்க்க ஆரம்பித்துவிட்டது.

கோயிலில் நல்ல கூட்டம். வேப்பிலை வாசனையும் மஞ்சள் வாசனையும் மூச்சை அடைத்தது. அப்பா கம்பு ஊன்றி ஊன்றி வந்தார். உண்டியல் முன்னால் நின்றதும் அம்மா இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்தாள்.

"அம்மா, நான் அவுக்கிறேம்மா."

"சும்மா இருடி."

"குடும்மா! உனக்கு அவுக்க வராது!"

"நான் முடிஞ்சது எனக்கு அவுக்க வராதா? தள்ளி நில்லு!"

எட்டிப் பிடுங்கப் போனேன். அம்மா கையை உயர்த்திக்கொண்டாள். முடிச்சைப் பல்லில் கடித்தாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். காசை வலது கையில் நகம் பதிகிற மாதிரி பிடித்திருந்தேன். அடி விழும் என்று காத்திருந்தேன்.

"இந்தாங்க. உங்க கையாலயே போடுங்க."

கண்ணைத் திறந்தேன். அப்பாவின் உள்ளங்கையில் கெட்டி அஞ்சு ரூபாய் ஒன்று இருந்தது. மஞ்சள் ஏறி, குங்குமம் ஒட்டி. அப்பா அதைக் கண்ணில் ஒற்றினார். போட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

நான் என் கையைத் திறந்தேன். என் காசு என் கையில்தான் இருந்தது.

வாஷர் எங்கே? ஓட்டையை மெழுகால் அடைத்த என் வாஷர் எங்கே? அதை வைத்தது நான். முடிந்தது நான். அவிழ்த்தால் காசு வருகிறது! உள்ளே இருட்டில் ஆத்தாவின் முகம் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. என் பல் தானாகக் கடகடவென்று அடித்துக்கொண்டது. கால் நடுங்கியது. 'ஆ' என்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

"அய்யோ, பிள்ளைக்கு அருள் வந்துருச்சு!" என்று பக்கத்தில் ஒரு அம்மா சத்தம் போட்டார். அவ்வளவுதான். கூட்டம் விலகி வட்டமாக நின்றது. யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். யாரோ வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, "தாயி, எம்மவளுக்கு எப்பத் தாயி கல்யாணம் கூடும்?" என்று கேட்டார். வேப்பிலையின் கசப்பில் நான் 'த்தூ' என்றேன். அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். என் அம்மாவே என் முன்னால் கை கூப்பி நின்று அழுதாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன்தான் உள்ளே வந்து என்னைத் தூக்கினான். "ஒண்ணும் இல்லக்கா, காலைலேர்ந்து சாப்பிடல, பசி மயக்கம்" என்று கூட்டத்தை விலக்கி வெளியே கொண்டுவந்தான். யாரும் அவன் சொன்னதை நம்பவில்லை. இன்றைக்கு வரை எங்கள் சொந்தத்தில் எனக்கு அந்தப் பெயர் உண்டு, சமயபுரத்தா வந்து இறங்கிய பிள்ளை என்று. கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட அதைச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆத்தா என் தப்பை மன்னித்து, வாஷரைக் காசாக மாற்றினாள் என்று. பதினொரு வருஷம். எவ்வளவு கஷ்டம் வந்தாலும், எனக்காக ஒரு தடவை சாமி அப்படிச் செய்திருக்கிறது என்று ஒரு தைரியம் இருந்தது. அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றும் அதைத்தான் நினைத்தேன். ஒரு தடவை செய்தவள் இன்னொரு தடவை செய்ய மாட்டாளா என்று.

நேற்று பர்ஸில் இருந்தது அந்த வாஷர்.

"வேல சாமானா இருக்கும், அவன் பைல போட்டுரு" என்றாள் அம்மா. குழாய் வேலைக்காரன் பர்ஸில் வாஷர் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நடுவில் ஓட்டையில் மெழுகு இருந்தது. கறுத்துப்போன மெழுகு. அதன் ஓரத்தில் மஞ்சள் அப்படியே ஏறியிருந்தது. நான் அடைத்த ஓட்டை அது. எனக்குத் தெரியாதா?

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலில் இருந்து சொல்ல வேண்டும். அப்பா வாசலில் நாற்காலியில் கைலியை மடித்து உட்கார்ந்திருந்தார். அவர் முட்டிக்கு மேலே அந்த வட்டம் இன்னும் இருக்கிறது, வெள்ளையாக. அதைப் பார்த்தேன். என் கையில் இருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை, படங்களைத் துடைக்கும்போது, முடிச்சைக் கையில் எடுத்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாதம் ராத்திரி பகலாக அந்தக் காசை விரலிலேயே வைத்திருந்தவனுக்கு வாஷரைக் கொடுத்து ஏமாற்ற முடியுமா? நான் ஏன் சொல்லவில்லை என்று அவன் கோபப்படவும் இல்லை. அந்த வீட்டில் கெட்டிக் காசு அப்புறம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவனிடம்.

சமயபுரத்திலிருந்து திரும்பி வந்ததை நான் இத்தனை வருஷமாக நினைத்துப் பார்த்ததே இல்லை. நேற்றுதான் அது ஞாபகம் வந்தது.

பஸ்ஸில் நானும் அண்ணனும் ஒரே சீட். நான் ஜன்னல் பக்கம். முன் சீட்டில் அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் தலையெல்லாம் மஞ்சள் தண்ணீர் காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் இன்னும் அந்தக் காசு. அதைப் பிடித்திருக்கவே பயமாக இருந்தது. பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டுக் காசு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டென்று கையை வெளியே நீட்டி வீசிவிட்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டான். "ஏய்" என்று அவன் கை வேகமாக ஜன்னல் பக்கம் எழுந்தது. காசு வெயிலில் ஒரு தடவை மினுங்கிக் கீழே போனது. அவன் கை பாதியில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி என் காதுப் பக்கம் வந்தது.

எனக்கு உடனே எல்லாப் பயமும் போய்விட்டது. அண்ணன் வித்தை காட்டப்போகிறான்! மூன்று வாரத்துக்கு அப்புறம்! நான் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினேன். அவன் விரல் காதைத் தொட்டது. கையை என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். ஒன்றும் இல்லை.

"இன்னிக்கு இல்ல பாப்பா" என்றான்.

"பொய்யி! வச்சிருக்க! எங்க, அந்தக் கைய காட்டு!"

அந்தக் கையையும் விரித்துக் காட்டினான். இரண்டிலும் இல்லை. நான் விடவில்லை. அவன் சட்டைப் பாக்கெட்டில் கை விட்டேன், காலரைத் தூக்கிப் பார்த்தேன், வாயைத் திறக்கச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே 'ஆ' என்று காட்டினான். எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான் என்று எனக்கு அப்படிக் கோபம். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேரும்வரை நான் அவனோடு பேசவில்லை.